மேட்டுக் கோட்டையா, ஏரிக்கரைக் கோட்டையா: மீளக் கட்டிய ஸ்லாவியக் குடியிருப்புகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

மத்திய ஐரோப்பாவில் கி.பி. 8 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை ஸ்லாவிய இனக்குழுக்கள் கட்டிய நூற்றுக்கணக்கான மரக்கோட்டைகளில் ஒன்றுகூட இன்று நின்ற நிலையில் இல்லை. பெரும்பாலும் மண்ணையும் மரத்தையும் கொண்டே எழுப்பப்பட்டவை என்பதால், பகைவர் வைத்த தீயில் எரிந்தவை போக மீந்தவை மக்கிச் சரிந்து, காட்டுக்குள் புல் மூடிய நீண்ட மேடுகளாகக் கிடக்கின்றன. அக்காலத்துக் குடியிருப்பு எப்படி இருந்தது என்று நேரில் காண விரும்புபவர், அகழாய்வுக்குப் பிறகு மீளக் கட்டப்பட்ட இடங்களில் ஒன்றைத்தான் தேடிப் போக வேண்டும். அவை போலந்து, செக் குடியரசு, ஜெர்மனி, ஸ்லோவாக்கியா எனப் பல நாடுகளில் சிதறியிருக்கின்றன. சுற்றுலாக் கையேடுகளோ எல்லாவற்றையும் ஒரே சொற்களால் புகழ்கின்றன. ஓரிடத்துக்கு மட்டுமே நாள் ஒதுக்க முடிந்தவருக்கு அந்தப் புகழ்ச்சி உதவாது. எனவே மேட்டின் மீது அமைந்த கோட்டைகளை முதன்மையாக வைத்து, அவற்றோடு ஒப்பிடத் தக்க சமவெளிக் கோட்டைகள் இரண்டையும் சேர்த்து, எது யாருக்குப் பொருந்தும் என்று இங்கே ஆராய்கிறேன்.

மீளக் கட்டிய கோட்டையை மதிப்பிட இரண்டு கேள்விகள் போதும் என்பது என் கருத்து. முதலாவது, அது பழைய கோட்டை இருந்த அதே நிலத்தில் நிற்கிறதா என்பது. இரண்டாவது, நாம் காணும் மரவேலைக்கு மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சான்று எவ்வளவு என்பது. இவ்விரண்டும் ஓரிடத்தில் சேர்ந்து வாய்ப்பது அரிது. அதற்குக் காரணம் மண்ணின் இயல்புதான். மேட்டு நிலத்தில் நீர் வடிந்துவிடும், காற்று உட்புகும், புதைந்த மரம் சில பத்தாண்டுகளிலேயே மக்கிப்போகும். கம்பம் நட்ட குழிகள் மட்டும் கறுத்த வட்டங்களாக எஞ்சும். உருண்டை மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூலைகளில் கோத்துக் கட்டிய வீடாக இருந்தால் அந்தக் குழியும் இராது. நிறம் மாறிய ஒரு சதுரமும், மூலையில் இடிந்து கிடக்கும் அடுப்புக் கற்களும்தான் அகழாய்வாளர் கையில் சிக்கும். சதுப்பிலும் ஏரிக்கரையிலும் நிலைமை நேர்மாறானது. ஈரம் காற்றைத் தடுத்துவிடுவதால் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பலகைகூட உளி பட்ட தடத்தோடு கிடைக்கிறது; மர வளையங்களைக் கொண்டு அது எப்போது வெட்டப்பட்டது என்று கணிக்கவும் முடிகிறது. ஆகவே மேட்டுக் கோட்டைக்குப் போகிறவர் நிலத்தை உறுதியாகவும் கட்டடத்தை ஊகமாகவும் பார்க்கிறார். ஏரிக்கரைக் கோட்டைக்குப் போகிறவருக்குக் கட்டடம் ஓரளவு உறுதியாகக் கிடைக்கிறது, ஆனால் மேட்டில் ஏன் கோட்டை கட்டினார்கள் என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்காது.

மேட்டுக் கோட்டைகளில் முதலில் எண்ண வேண்டியது, தென்கிழக்குப் போலந்தில் யாஸ்வோ நகரை அடுத்த ட்ஷ்சினிட்சா கிராமத்தில் உள்ள 'கார்ப்பாத்திய டிராய்' என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம். கிரோஸ்னோ நகரில் உள்ள பொட்கார்பாட்ஸ்கி அருங்காட்சியகத்தின் கிளையான இது 2011-இல் திறக்கப்பட்டது. ரோப்பா ஆற்றின் பள்ளத்தாக்கை நோக்கி நீண்டிருக்கும் மேட்டின் மீது பழைய மதில்களின் எச்சம் எப்போதும் தெரிந்துகொண்டே இருந்ததால் ஊர்மக்கள் அதனை 'அரச மதில்' என்று அழைத்துவந்தார்கள். யான் கன்சார்ஸ்கி தலைமையில் 1991-இல் தொடங்கிய விரிவான அகழாய்வில் அங்கே இரு வேறு காலங்களின் கோட்டைகள் வெளிப்பட்டன. முதலாவது வெண்கலக் காலத்தது. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாயிரமாம் ஆண்டையொட்டித் தொடங்கி, பின்னர் கார்ப்பாத்திய மலைகளுக்குத் தெற்கேயிருந்து வந்த ஒட்டோமானி என்ற வெண்கலக் காலப் பண்பாட்டினரின் கைக்கு மாறியது. டிராய் என்ற பெயர் இந்தக் காலத்தை நினைத்து வைக்கப்பட்ட விளம்பரப் பெயர். ஹோமர் பாடிய நகரோடு இதற்கு நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. அந்த மக்கள் போய்ப் பல நூற்றாண்டுகள் வெறுமையாகக் கிடந்த மேட்டில் 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்லாவியர்கள் வந்து, பழைய மதில்களைத் தாண்டி விரிவாக்கி, 3 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் தங்கள் கோட்டையை அமைத்தார்கள். 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது தீக்கிரையானது. நாணயங்கள், அணிகலன்கள், வாளுறைப் பூண் உள்ளிட்ட 600-க்கும் மேற்பட்ட வெள்ளிப் பொருட்கள் கொண்ட புதையல் ஒன்று அங்கே கிடைத்திருப்பது, அங்கு வாழ்ந்தவர்களில் சிலராவது செல்வமும் செல்வாக்கும் உடையவர்களாக இருந்ததைக் காட்டுகிறது.

ட்ஷ்சினிட்சாவை நான் முதலிடத்தில் வைப்பதற்குப் புதையலோ பெயரோ காரணம் இல்லை. மேட்டின் மீது ஏறக்குறைய 150 மீட்டர் நீளத்துக்கு மட்டுமே மதிலை மீளக் கட்டிவிட்டு, மிச்சத்தைப் புல் மூடிய மேடாக அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். கட்டிய பகுதியில் கிடைமட்டமாக அடுக்கிய மரங்களும் அவற்றுக்கிடையே இட்டு நிரப்பிய மண்ணும் கண்ணுக்குத் தெரிகின்றன. சில அடிகள் நடந்தால் அதே மதில் ஆயிரம் ஆண்டு மழைக்குப் பின் எப்படித் தணிந்து அகன்று போயிருக்கிறது என்பதும் தெரிகிறது. சரிந்த மண்ணின் அளவையும் அடிப்பகுதியின் அகலத்தையும் வைத்தே மதிலின் உயரத்தை ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள் என்று படித்திருப்போம். அந்தக் கணக்கின் இரு பக்கங்களையும் அடுத்தடுத்து நின்று பார்க்கும் வாய்ப்பு இந்த அளவுக்கு வேறெங்கும் அமையவில்லை. மேட்டின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தால், செங்குத்தான சரிவு உள்ள பக்கத்தில் உழைப்பை மிச்சப்படுத்தி, எளிதில் ஏறி வரக்கூடிய பக்கத்தில் மதிலுக்குப் பின் மதிலாக எழுப்பியது ஏன் என்பதற்கு விளக்கப் பலகை தேவைப்படாது.

வாயிற்கோபுரம், மதிலின் மேல் உள்ள மரத் தடுப்பு, வீட்டுக் கூரையின் சாய்வு ஆகியவை ஊகங்களே என்பதை மறக்கக் கூடாது. இன்னொரு குறையும் உண்டு. வெண்கலக் காலத்து வாயிலும் வீடுகளும் ஒரு புறம், அவற்றுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்திய ஸ்லாவிய வாயிலும் வீடுகளும் மறுபுறம் என இரண்டும் ஒரே வளாகத்தில் இருப்பதால், பலகைகளைப் படிக்காமல் நடப்பவர் எல்லாவற்றையும் ஒரே காலமாக எண்ணிக்கொண்டு திரும்பும் ஆபத்து இருக்கிறது. மேட்டின் அடியில் உள்ள காட்சியரங்கை முதலில் பார்த்துவிட்டு மேலே ஏறினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

இதற்கு நேரடிப் போட்டி என்று சொல்லத்தக்கது, செக் குடியரசின் வடகிழக்கு மூலையில் செஸ்கி டெஷின் நகருக்கு அருகே உள்ள ஹோட்யெபுஸ்-பொதொபொரா தொல்லியல் பூங்கா. டெஷின் அருங்காட்சியகத்தின் நிர்வாகத்தில் உள்ள இதுவும் பழைய கோட்டையின் மண்ணிலேயே நிற்கிறது. ஓல்சா ஆற்றின் தாழ்நிலத்தை நோக்கிய மேட்டில் முதலில் இரும்புக் காலத்தின் முற்பகுதியான ஹால்ஷ்டாட் காலத்தவரும், 8-ஆம் நூற்றாண்டு முதல் ஸ்லாவியரும் குடியிருந்தார்கள். ஸ்லாவியக் கோட்டை உள்கோட்டை, வெளிக்கோட்டை எனப் பிரிக்கப்பட்டு, இடையே அகழிகள் வெட்டப்பட்டிருந்தன. கொலென்சிட்சி என்ற இனக்குழுவின் கோட்டையாக இது கருதப்படுகிறது. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது வீழ்ந்ததற்கு, மகா மொராவியா என்ற ஸ்லாவிய அரசின் மன்னன் ஸ்வாட்டோப்லுக்கின் படையெடுப்பு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். பிறகும் சிறிய அளவில் மக்கள் தங்கியிருந்து, 11-ஆம் நூற்றாண்டில் அதிகார மையம் ஆற்றின் மேற்போக்கில் உள்ள இன்றைய சியெஷின் நகரின் கோட்டைக் குன்றுக்கு மாறியது.

பரப்பிலும் காட்சிப் பொருட்களிலும் ட்ஷ்சினிட்சாவை விட இது சிறியது. ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாகச் சுற்றிவிடலாம். உள்கோட்டையை மரங்களும் புல்லும் சூழ விட்டுவிட்டு, வெளிக்கோட்டைப் பகுதியில் மட்டும் மதிலையும் வாயிலையும் சில வீடுகளையும் எழுப்பியிருக்கிறார்கள். இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் நெடுந்தொலைவு வந்தவருக்கு இது ஏமாற்றமாகவும் இருக்கலாம். பிராகிலிருந்தோ வியன்னாவிலிருந்தோ இதற்காக மட்டும் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓஸ்ட்ராவாவிலோ கிராக்கோவிலோ தங்கியிருப்பவருக்கும், ரயிலில் பயணம் செய்பவருக்கும் ஏற்றது, ஏனெனில் செஸ்கி டெஷின் முக்கிய ரயில் பாதையில் இருக்கிறது.

மூன்றாவதாக அடிக்கடி பேசப்படுவது, தெற்கு மொராவியாவில் வெலேஹ்ராட் திருத்தலத்தை ஒட்டிய மோத்ரா கிராமத்தின் தொல்லியல் பூங்கா. 2004-இல் திறக்கப்பட்ட இது, 9-ஆம் நூற்றாண்டு மகா மொராவியாவின் அரண் சூழ்ந்த குடியிருப்பு ஒன்றை முழு ஊராகவே காட்ட முயல்கிறது. மதில், கைவினைஞர் தெரு, தலைவனின் மாளிகை, தேவாலயம், உழவர் வீடுகள், தானியக் குழிகள் என்று எதுவும் விடுபடவில்லை. சிரில், மெத்தோடியஸ் என்ற கிறிஸ்தவ மறைப்பணியாளர்கள் 863-இல் வந்து ஸ்லாவிய மொழியில் வழிபாட்டைத் தொடங்கிய நாடு இது என்பதால், மற்ற கோட்டைகளில் இல்லாத கிறிஸ்தவப் பக்கமும் இங்கே தெரிகிறது. சிறுவர்களோடு போகிறவர்கள் மற்றெல்லாவற்றையும் விட இதையே விரும்புவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

என் தயக்கம் வேறு வகையானது. மோத்ராவில் நிற்பது ஒரு குறிப்பிட்ட கோட்டை அல்ல. மகா மொராவியாவின் வெவ்வேறு அகழாய்வுகளில் தெரியவந்த கட்டடங்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்த மாதிரி ஊர் இது. தேவாலயத்திலிருந்து மாளிகைக்கு எத்தனை அடி, குயவன் வீடு ஏன் அந்தப் பக்கம் என்று கேட்டால் வடிவமைத்தவரின் விருப்பம் என்பதே விடையாக இருக்கும். இதை ஈடுகட்ட எளிய வழி உண்டு. சில கிலோமீட்டர் தொலைவில் ஸ்டாரே மெஸ்டோ நகரில், 1949-இல் வில்லெம் ஹ்ரூபி கண்டுபிடித்த தேவாலய அடித்தளத்தின் மேலேயே மகா மொராவிய நினைவகம் கட்டப்பட்டிருக்கிறது. அசல் அடித்தளத்தை அங்கே காலையில் பார்த்துவிட்டு மாலையில் மோத்ராவுக்குப் போனால் இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்யும். ஸ்டாரே மெஸ்டோவில் ரயில் நிலையமும் உள்ளது. ஜூலை 5-ஆம் நாள் சிரில், மெத்தோடியஸ் திருநாளுக்காக வெலேஹ்ராடில் பெருங்கூட்டம் கூடும். அந்த விழாவைப் பார்க்க விரும்பாதவர் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

ஸ்லோவாக்கியாவின் போய்னா கிராமத்துக்கு மேலே காட்டு மலையில் உள்ள வாலி கோட்டை, தேவதை உருவம் பொறித்த பொன்முலாம் தகடுகளால் புகழ்பெற்றது. நடப்பதில் விருப்பமுள்ளவருக்கு அதன் பெரிய மண்மதில்களே போதுமானவை. மீளக் கட்டிய வீடுகளைக் காண்பதே நோக்கம் என்றால் அதற்காக அவ்வளவு தூரம் ஏறத் தேவையில்லை.

இனி, மேடு என்ற நிபந்தனையைத் தளர்த்தினால் என்ன கிடைக்கும் என்பதைப் பார்ப்போம். வடக்கு ஜெர்மனியின் மெக்லென்பர்க் பகுதியில், ஷ்டெர்ன்பெர்க் நகருக்கு அருகே ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலத்தில் குரோஸ் ராடன் கோட்டை உள்ளது. எவால்ட் ஷுல்ட் என்ற ஆய்வாளர் 1973 முதல் 1980 வரை அங்கே அகழாய்வு செய்தார். 1987-இல் திறந்தவெளி அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே வாழ்ந்தவர்கள் வார்னோவர் என்ற ஸ்லாவியக் குழுவினர். ஈர மண் மரத்தைக் காத்துவைத்திருந்ததால், முந்தைய கட்டத்தில் சுள்ளிகளைப் பின்னி மண் பூசிய தட்டிச் சுவர் வீடுகளும், பிந்தைய கட்டத்தில் மரங்களை அடுக்கிக் கட்டிய வீடுகளும் இருந்தன என்பதை நேரடிச் சான்றோடு சொல்ல முடிகிறது. இங்கே வீட்டுக்குள் நுழையும்போது, சுவர் இப்படித்தான் இருந்தது என்று நம்பி நுழையலாம்.

அங்கே கண்டெடுக்கப்பட்டவற்றில் பெரிதும் பேசப்பட்டது, ஏறத்தாழ 11 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கட்டடம். அதன் வெளிச்சுவரில் நெருக்கமாக நிறுத்தியிருந்த பலகைகளின் மேல்முனைகள் மனிதத் தலை போலச் செதுக்கப்பட்டிருந்தன. குதிரை மண்டையோடுகளும் அங்கே கிடைத்தன. ஷுல்ட் அதனைக் கோயில் என்று முடிவு செய்தார். அந்த முடிவைக் கேள்விக்குள்ளாக்கிய ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எதுவாயினும், கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஸ்லாவியரின் சடங்கு வாழ்க்கைக்கு இவ்வளவு நெருங்கிய மரச்சான்று வேறெந்தக் கோட்டையிலும் நம் கண்முன் எழுப்பி வைக்கப்படவில்லை. சிறிய பாலத்தைக் கடந்து வட்டமான மண்மதிலுக்குள் போனால், வெளியே பரந்து தெரிந்த ஏரி திடீரென்று மறைந்து, மேலே வானம் மட்டும் எஞ்சும். ஏரிநீரே அகழியாக இருந்த கோட்டையின் தற்காப்பு முறை, மேட்டுச் சரிவை நம்பிய ட்ஷ்சினிட்சாவின் முறையிலிருந்து எவ்வளவு வேறுபட்டது என்பதை உணர இந்த இரண்டையும் பார்த்தவரால்தான் முடியும். ஷ்டெர்ன்பெர்க்குக்குப் பயணிகள் ரயில் இல்லாததால் ஷ்வெரினிலிருந்து காரில் போவதே வசதி.

பெர்லினிலிருந்து ஒரு நாளில் போய்வர வேண்டும் என்பவருக்கு லௌசிட்ஸ் பகுதியின் ராடுஷ் கோட்டை இருக்கிறது. 2003-இல் திறக்கப்பட்ட இது வெளியே மரமும் மண்ணுமான வட்டக் கோட்டை. உள்ளேயோ கான்கிரீட் சுவர்களுக்கிடையே நவீனக் காட்சியரங்கம். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக நிலம் எடுக்கப்படவிருந்ததால் 1980-களில் அவசரமாக அகழாய்வு செய்யப்பட்ட கோட்டையின் உருவம் அது. குடியிருப்பைக் காண வருபவருக்கு அங்கே வீடுகள் இல்லை என்பது பெரும் குறை. மழைநாளில் அந்தக் கான்கிரீட் கூரையை யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊருக்கென்றே ரயில் நிலையம் உண்டு. சோர்பிய மொழி பேசும் ஸ்லாவியர் இன்னும் வாழும் வட்டாரம் என்பதால் பெயர்ப் பலகைகள் இரு மொழிகளில் இருப்பதையும் வழியில் காணலாம்.

போலந்தின் பிஸ்குபின் கோட்டையைப் பலர் இந்த வரிசையில் சேர்த்துச் சொல்வதால் ஓர் எச்சரிக்கை அவசியம். 1933-இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் குடியிருப்பின் மரங்களில் பெரும்பாலானவை கி.மு. 738-ஐ ஒட்டி வெட்டப்பட்டவை என்பது மர வளையக் கணிப்பால் உறுதியாகியுள்ளது. அதை ஆதி ஸ்லாவியரின் ஊர் என்று 1930-களின் போலந்து அறிஞர்கள் சொன்னதற்கு, எல்லை குறித்து ஜெர்மனியோடு இருந்த அரசியல் பூசலும் ஒரு காரணம். பார்க்கத் தகுந்த இடம்தான், ஆனால் அதன் புகழ்பெற்ற கோட்டையைப் பார்த்துவிட்டு ஸ்லாவியரின் மத்திய காலத்தைப் பார்த்ததாக எண்ணிவிடக் கூடாது.

எந்த இடத்துக்குப் போனாலும் வீட்டின் உட்புறத்தில் நேரம் செலவிட வேண்டும். மேட்டுக் கோட்டைகளில் பெரும்பாலும் காட்டப்படுவது, பக்கத்துக்கு 4 மீட்டர் அளவுள்ள, தரைமட்டத்துக்குக் கீழே பாதி இறக்கிக் கட்டிய ஒற்றை அறை வீடு. மூலையில் சாந்து இல்லாமல் அடுக்கிய கல்லடுப்பு இருக்கும், புகைபோக்கி கிடையாது. புகை கூரைக்குக் கீழே தங்கி, மெல்லக் கசிந்து வெளியேறும். நின்றால் கண் எரியும், தரையில் உட்கார்ந்தால் எரியாது. வாழ்க்கையின் பெரும்பகுதி தரையை ஒட்டியே நடந்திருக்க வேண்டும் என்பது அடுப்பு எரியும் நாளில் போனால் தெளிவாகும். பக்கத்தில் அலைக்கோடு கீறிய மண்பானையும், பனிவரகு அரைக்கும் கல் திரிகையும், நூல் நூற்கும் தக்களி வில்லையும் வைத்திருப்பார்கள். திரிகையைச் சுற்றிப் பார்க்க அனுமதித்தால் தவறவிடக் கூடாது. ஒரு பிடி மாவுக்கு ஆகும் நேரம், எந்த விளக்கப் பலகையையும் விட அதிகமாகச் சொல்லும்.

மேட்டின் மீதான குடியிருப்பே வேண்டும், ஒரு நாள் இருக்கிறது, காரும் இருக்கிறது என்றால் ட்ஷ்சினிட்சாவைத் தவிர வேறொன்றை நான் சொல்ல மாட்டேன். கிராக்கோவிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் என்பதால் காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். வீடுகளின் நம்பகத்தன்மையே முக்கியம் என்பவர் மேட்டை விட்டுக்கொடுத்துக் குரோஸ் ராடனுக்குப் போகலாம். சிறுவர்களுக்கு மோத்ரா. முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகிறவர், மேட்டுக் கோட்டைகளில் ஏற்றமும், மழைக்குப் பின் வழுக்கும் களிமண்ணும் இருப்பதை எண்ணி முடிவு செய்ய வேண்டும். அவர்களுக்கு ராடுஷ் வசதியானது. குளிர்காலத்தில் திறந்தவெளிப் பகுதிகள் பல இடங்களில் மூடப்படும், திங்கட்கிழமை விடுமுறையும் வழக்கமாக இருக்கும் என்பதால் மே முதல் செப்டம்பர் வரையிலான வார நாட்களில் திங்களுக்குப் பிந்தியவை உகந்தவை. கைவினைஞர்கள் உலை மூட்டி, அம்பு எய்து காட்டும் விழா நாட்களில் கூட்டம் அதிகம்; மதிலையும் நிலத்தையும் ஊன்றிப் பார்க்க விரும்புபவருக்கு அந்த நாட்கள் ஏற்றவை அல்ல.

ஹோட்யெபுஸைத் தேர்ந்தெடுப்பவர் அரை நாளோடு நிறுத்திக்கொள்ளாமல், மீதி அரை நாளில் ஆற்றைக் கடந்து போலந்துப் பக்கத்துச் சியெஷின் குன்றுக்கும் போய்வர வேண்டும். மரக்கோட்டை கைவிடப்பட்ட பிறகு அதிகாரம் குடியேறிய இடம் அதுதான். அங்கே நிற்கும் புனித நிக்கோலஸ் வட்டத் தேவாலயம் கல்லால் ஆனது. போலந்தின் 20 ஸ்வாட்டி பணத்தாளின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருப்பதும் அதே தேவாலயம்தான். ஹோட்யெபுஸில் மரமும் மண்ணுமாகப் பார்த்த வாழ்க்கை அடுத்த தலைமுறைகளில் எந்தத் திசையில் போனது என்பதை அந்தக் குன்று காட்டிவிடும், இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு சில கிலோமீட்டர்தான்.